நண்பர் பெயரில் சந்தேகமான மின்னஞ்சல் வந்தால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

எங்கள் குடியிருப்பில் கைபேசி, கணினி சிக்கல் எதுவானாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படித் தட்டியவர்கள் காட்டிய கடிதங்களில் ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது. அனுப்பியவர் இடத்தில் பழைய நண்பரின் பெயர். உள்ளே இரண்டே வரி: "நலமா? அவசரமாக ஓர் உதவி வேண்டும். இப்போது போனில் பேச முடியாத இடத்தில் இருக்கிறேன், மின்னஞ்சலிலேயே பதில் போடுங்கள்."

என்னென்ன செய்ய வேண்டும் என்பது பலருக்கு அரைகுறையாகவாவது தெரிந்திருக்கிறது. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். கடிதத்தை அழித்துவிட்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. "நீங்கள்தானா?" என்று அந்தக் கடிதத்துக்கே பதில் போட்டுவிட்டு வருபவர்கள் அதைவிட அதிகம். ஆகவே வரிசையாகவே சொல்கிறேன். ஜிமெயிலை வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற சேவைகளில் பொத்தானின் பெயர் மாறும், காரணம் மாறாது.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் நேராக 9ஆம் பகுதிக்குப் போங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நண்பரின் தொலைபேசி எண், உங்கள் பழைய குறிப்பேட்டிலிருந்தோ கைபேசியின் தொடர்புப் பட்டியலிலிருந்தோ எடுத்தது. கடிதத்தின் அடியில் இருக்கும் எண் கணக்கில் சேராது.

ஒரு கணினி. கைபேசிச் செயலியில் முதல் மூன்று படிகளை முடித்துவிடலாம். நான்காவதற்குக் கணினியின் உலாவி வேண்டும். அந்த நண்பர் முன்பு எப்போதோ அனுப்பிய, சந்தேகமில்லாத பழைய கடிதம் ஒன்றும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

1. பதில் போடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள்

கடிதத்தைத் திறந்து படித்ததால் மட்டும் பொதுவாகக் கெடுதல் வந்துவிடாது. திறந்துவிட்டோமே என்று பதறி அடுத்த தவறைச் செய்வதில்தான் கெடுதல்.

பதில் போடக் கூடாது என்பதற்குக் காரணம் எளிமையானது. கடிதம் போலி முகவரியிலிருந்து வந்திருந்தால் உங்கள் கேள்வி மோசடிக்காரனுக்குப் போகிறது. நண்பரின் கணக்கையே பிடித்துக்கொண்டு எழுதியிருந்தால், அந்தப் பெட்டியைத் திறந்து படிப்பதும் அவனேதான். இரண்டு வழியிலும் "ஆமாம், நான்தான்" என்று பதில் வரும். அதோடு, இந்த முகவரியில் கடிதம் படிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நீங்களே உறுதி செய்துகொடுத்தாகிவிட்டது.

அழிக்கக் கூடாது என்பது, அடுத்த படிகளில் பார்க்க வேண்டிய தடயங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்பதால். தப்பித் தவறி அழித்துவிட்டால் ஜிமெயிலின் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம்.

2. நண்பரை வேறு வழியில் பிடியுங்கள்

தொழில்நுட்பச் சோதனைகளை முதலில் செய்யத்தான் ஆசை வரும். வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பு இரண்டு நிமிடத்தில் தீர்த்துவைப்பதை, கடிதத்தின் தலைப்பகுதியை (எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற மறைவான குறிப்புகளை) ஆராய்ந்து அரை மணி நேரத்தில்கூடத் தீர்க்க முடியாமல் போகலாம்.

இங்கே நம் ஆட்களுக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது: சங்கடம். எங்கள் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கு, முப்பது ஆண்டுகள் உடன் வேலை பார்த்தவர் பெயரில் கடிதம் வந்தது. தங்கை மகளுக்குப் பிறந்தநாள் என்றும், கடைக்குப் போக முடியவில்லை என்றும், ஐயாயிரம் ரூபாய்க்குக் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை மட்டும் அனுப்பினால் மாலையில் பணம் தந்துவிடுவதாகவும் எழுதியிருந்தது. "போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, சார்?" என்றேன். "பணம் கேட்டது நீதானா என்று அவனிடம் எப்படித் தம்பி கேட்பது? உண்மையாகவே அவன்தான் கேட்டிருந்தால் மனசு புண்படாதா?" என்றார். மோசடிக்காரன் நம்பியிருப்பது அந்த நாகரிகத்தைத்தான்.

அதனால் பணம் என்ற பேச்சையே எடுக்காமல் கேளுங்கள்: "உங்கள் பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது, இன்று காலை பத்து மணிக்கு. நீங்கள் அனுப்பியதா?" இதில் யாருக்கும் மானக்கேடு இல்லை. அனுப்பியிருந்தால் அவரே மேலே பேசுவார்.

அழைப்பு கிடைக்கவில்லையென்றால் அவர் மனைவி, மகன், பொது நண்பர் என யாராவது ஒருவரைப் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்பது அடுத்த நிலைதான். கைபேசியே களவுபோயிருந்தால் அதுவும் அவன் கையில் இருக்கும். குரலைப் போலி செய்யும் கருவிகளும் வந்துவிட்டன. ஆகவே அறிமுகமில்லாத எண்ணிலிருந்து "நான்தான் பேசுகிறேன்" என்று அழைப்பு வந்தால், வைத்துவிட்டு உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

எதையாவது கேட்டுச் சோதிக்க வேண்டியிருந்தால், பதில் பழைய மின்னஞ்சல்களில் இல்லாததாகப் பார்த்துக் கேளுங்கள். மகள் திருமணம் எந்த ஆண்டு என்பது அழைப்பிதழாக அந்தப் பெட்டியிலேயே கிடக்கும். விடுதிச் சமையல்காரரை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டீர்கள் என்பது கிடக்காது.

நண்பர் "ஆமாம், நான்தான் அனுப்பினேன்" என்றால் வேலை முடிந்தது. "இல்லை" என்றால் தொடருங்கள். அவர் கிடைக்கும் வரை எதுவும் செய்யாமல் காத்திருப்பதும் சரியான முடிவுதான். கடிதம் காட்டும் அவசரம் உங்களுடையது ஆகாது.

3. பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியைப் பாருங்கள்

அனுப்புநர் பெயர் என்பது அனுப்புகிறவர் தானே தட்டச்சு செய்துகொள்வது. யாரும் எந்தப் பெயரையும் வைக்கலாம். கைபேசியில் பெயர் மட்டும் பெரிதாகத் தெரிந்து, முகவரி ஒளிந்திருப்பதால்தான் இந்தத் தந்திரம் பலிக்கிறது.

ஜிமெயிலில் பெயருக்குக் கீழே, பெறுநரைக் காட்டும் வரியின் பக்கத்தில், ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் முழு முகவரி விரியும். அதைப் பழைய கடிதத்தின் முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் 'எம்' போலத் தெரியும். சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண் உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஓர் இலக்கம் கூடியிருக்கும். நண்பர் தன் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து முகவரி வைத்திருந்தால், அந்த ஆண்டு ஒன்று கூடிக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு துணுக்கு: ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வரும் புள்ளிகளுக்கு மதிப்பில்லை. புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒரே கணக்குதான். எனவே அங்கே ஒரு புள்ளி கூடியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற சேவைகள் பெரும்பாலானவற்றில் இந்த விதி இல்லை.

அதே இடத்தில் 'ரிப்ளை டு' என்று தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்து, அதில் வேறு முகவரி தெரிந்தால், கடிதம் எங்கிருந்து வந்திருந்தாலும் உங்கள் பதில் அந்த வேறு ஆளுக்குத்தான் போகும்.

எழுத்துப்பிழைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று இன்னமும் சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள், பிழையில்லாமல் எழுதித்தர இப்போது இயந்திரம் இருக்கிறது. விளிப்பு இன்னும் ஓரளவு உதவுகிறது. எப்போதும் "என்னடா" என்று தொடங்குகிறவர் திடீரென்று "அன்புடையீர்" என்றால் யோசிக்க வேண்டும். ஆனால் கணக்கே களவுபோயிருந்தால் பழைய கடிதங்களைப் படித்து "என்னடா"வையும் கற்றுக்கொள்வான்.

4. முகவரி சரியாகவே இருந்தால் மூலத்தைத் திறங்கள்

முகவரி வேறு என்று மூன்றாம் படியிலேயே தெரிந்துவிட்டால் இதைத் தாண்டிப் போகலாம்.

கணினியில் கடிதத்தைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பக்கத்தின் மேலே ஒரு சிறிய அட்டவணை வரும். அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் இருக்கும். முதலாவது, இந்த முகவரியின் சார்பில் கடிதம் அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது. இரண்டாவது, கடிதத்தின் மேல் போடப்பட்ட மின் கையொப்பம் குலையாமல் இருக்கிறதா என்பது. மூன்றாவது, இந்த இரண்டில் ஒன்றாவது நீங்கள் பார்க்கும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா என்பது.

டிமார்க் 'ஃபெயில்' என்று காட்டினால் முகவரி பொய்யாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மின்னஞ்சல் குழுக்கள் வழியாகத் திரும்பி வரும் நேர்மையான கடிதங்களும் சில நேரம் இதில் தோற்கும், அதை நினைவில் வையுங்கள்.

எல்லாம் 'பாஸ்' என்று வந்ததும் "கடிதம் உண்மைதான்" என்று நிம்மதியடைவது தவறு. பாஸ் என்றால் அந்த முகவரியின் வாசல் வழியாகத்தான் வந்தது என்று பொருள். வாசலைத் திறந்தவர் வீட்டுக்காரரா, சாவியைத் திருடியவனா என்று அது சொல்லாது. மோசடிக்காரன் தனக்கென்று தொடங்கிய ஜிமெயில் கணக்கிலிருந்து அனுப்பினாலும் மூன்றும் பாஸ்தான்.

5. மூன்றில் எது என்று முடிவு செய்யுங்கள்

முகவரி வேறு, பெயர் மட்டும் நண்பருடையது என்றால் அவர் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கடவுச்சொல்லை மாற்றுவதால் இந்தக் கடிதங்கள் நிற்கப் போவதுமில்லை. உங்கள் இருவருக்கும் பழக்கம் என்பது, மூன்றாவது நண்பர் ஒருவரின் பெட்டி களவுபோனதிலிருந்து தெரிந்திருக்கலாம். சங்க உறுப்பினர் பட்டியல் எங்காவது வெளியில் கிடந்திருக்கலாம்.

முகவரி சரி, டிமார்க் தோல்வி என்றால் யாரோ உறையின் மேல் அவர் முகவரியை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதிலும் பெரும்பாலும் கணக்கு பத்திரமாகவே இருக்கும்.

முகவரியும் சரி, சோதனைகளும் பாஸ், ஆனால் நண்பர் அனுப்பவில்லை என்கிறார்: கணக்குக்குள் யாரோ இருக்கிறார்கள். உடனே 8ஆம் பகுதி.

எல்லாவற்றுக்கும் "பாஸ்வேர்டை மாற்றச் சொல்" என்று ஒரே மருந்து கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. முதல் வகையில் அது வீண் வேலை. மூன்றாம் வகையில் அது மட்டும் போதாது.

6. லிங்க்கும் இணைப்புக் கோப்பும்

நண்பர் அனுப்பவில்லை என்று தெரிந்த பிறகு இவற்றைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. "என்னதான் இருக்கிறது பார்ப்போமே" என்பது காரணமாகாது.

நண்பர் இன்னும் கிடைக்கவில்லை, லிங்க் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றால், கணினியில் அதன் மேல் அம்பை வைத்து அழுத்தாமல் இருங்கள்; உலாவியின் கீழ் ஓரத்தில் முகவரி தெரியும். கைபேசியில் விரலை வைத்து அழுத்தியபடியே பிடித்தால் காட்டும்.

அதை நம் தபால் முகவரியைப் போலப் படிக்க வேண்டும். காந்தி தெரு எல்லா ஊரிலும் இருக்கிறது. எந்த ஊர் என்பதைக் கடைசி வரிதான் சொல்லும். இணைய முகவரியிலும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'டிரைவ்.கூகுள்.காம்' என்று முடிந்தால் ஊர் கூகுள். 'கூகுள்.காம்.படங்கள்.டாப்' என்று முடிந்தால் ஊர் 'படங்கள்.டாப்'; முன்னால் இருக்கும் கூகுள் வெறும் தெருப் பெயர். ஊர் சரியாக இருப்பதும் முழு உத்தரவாதமில்லை. உண்மையான கூகுள் படிவத்திலேயே கடவுச்சொல் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கோப்புகளில் எச்டிஎம்எல் (வலைப்பக்கம்), ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவுவது), இஎக்ஸ்இ (விண்டோஸ் நிரல்) என்று முடிபவை, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு ஆகிய எதையும் திறக்காதீர்கள். எச்டிஎம்எல் கோப்பு பார்க்க சாதுவாக இருக்கும். திறந்தால் ஜிமெயில் நுழைவுப் பக்கம் போலவே ஒன்று வந்து நிற்கும்.

7. புகார் செய்யுங்கள், பிறகு அழியுங்கள்

அதே மூன்று புள்ளிப் பட்டியலில் 'ரிப்போர்ட் பிஷிங்' இருக்கும். அதை அழுத்துங்கள். அதற்கு முன், புகார் கொடுக்க வேண்டிய அளவுக்கு விஷயம் பெரிது என்றால், அங்கேயே உள்ள 'டவுன்லோட் மெசேஜ்' மூலம் கடிதத்தை முழுதாகச் சேமித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் அசல் தலைப்பகுதி விவரங்கள் போய்விடும்; ஸ்கிரீன்ஷாட்டில் அவை இருக்கவே இருக்காது.

முகவரி நண்பருடையதே என்றால் 'பிளாக்' செய்யாதீர்கள். நாளை அவர் கணக்கை மீட்டுக்கொண்டு எழுதும் கடிதமும் உங்கள் கண்ணில் படாமல் போகும்.

8. நண்பரின் கணக்கு களவுபோயிருந்தால், அவரை உட்காரவைத்துச் செய்ய வேண்டியவை

முதலில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், மின்னஞ்சல் வழியாக இல்லாமல். அந்தக் கணக்கிலிருந்து "என் மெயில் ஹேக் ஆகிவிட்டது" என்று எழுதினால் அதைத் திருடன் அழித்துவிடலாம், மறுத்தும் எழுதலாம். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி, நெருங்கியவர்களுக்கு அழைப்பு. இதை முதலில் வைப்பதற்குக் காரணம், கணக்கை மீட்க ஒரு நாள் ஆகலாம். அதற்குள் யாராவது பணம் அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து உள்ளே நுழைவது. கடவுச்சொல் இன்னும் வேலை செய்தால் நல்லது. இல்லையென்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியில், வழக்கமான உலாவியில், வழக்கமான இடத்திலிருந்து முயலச் சொல்லுங்கள். உதவுகிறேன் என்று உங்கள் மடிக்கணினியைக் கொடுத்தால், கூகுளின் கண்ணுக்கு நீங்களும் அந்நியர்தான். மீட்பு எண்ணை, அதாவது கணக்கை மீட்பதற்காக முன்பே பதிந்துவைத்த தொலைபேசி எண்ணை, திருடன் மாற்றியிருந்தாலும், பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை மாற்றிய நாளிலிருந்து 7 நாள் வரை கூகுள் தரக்கூடும். எனவே தள்ளிப்போடாதீர்கள்.

உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதற்கு முன் அந்தக் கணினியில் சந்தேகமான மென்பொருள் எதையாவது அண்மையில் நிறுவினாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் வேறு சாதனத்தில் மாற்றுவதே நல்லது. இல்லாவிட்டால் புதிய கடவுச்சொல்லும் அதே ஓட்டை வழியாகப் போய்ச் சேரும். பிறகு பாதுகாப்புப் பக்கத்தில் தெரியும் அறிமுகமில்லாத சாதனங்களை வெளியேற்றி, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் அவருடையவைதானா என்று பார்த்து, இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்பது) போடுங்கள். அப்போது கிடைக்கும், கைபேசி கையில் இல்லாதபோது நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகள் பத்தையும் தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பம். கணினியில் ஜிமெயில் அமைப்புகளை முழுதாகத் திறந்து, தாவல் தாவலாகப் பாருங்கள்.

ஃபில்டர்கள்: "உன் மெயில் சரியில்லை" என்று நண்பர்கள் எழுதும் கடிதங்கள் வந்தவுடன் குப்பைக்குப் போகும்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கலாம். நான் நேரில் பார்த்த ஒன்றில், 'ஹேக்' என்ற சொல் உள்ள எல்லாக் கடிதங்களும் அழிந்துகொண்டிருந்தன. அந்த மனிதரோ ஒரு வாரமாக யாரும் தனக்கு எழுதவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தார்.

ஃபார்வர்டிங்: வரும் கடிதங்களின் நகல் வேறு முகவரிக்குப் போகிறதா? கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த விதி அப்படியே இருக்கும்.

கணக்குகள் தாவல்: பதில் முகவரியாக வேறு ஏதாவது இருக்கிறதா, பெட்டியைத் திறக்க வேறு யாருக்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதில் முகவரியை மாற்றிவைத்த பிறகு அனுப்பிய கடிதங்களுக்கு வரும் பதில்கள், கணக்கு மீண்ட பிறகும் திருடனுக்கே போய்க்கொண்டிருக்கும். நண்பர்களிடம் போனில் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகள். 2017 மே 3 அன்று, தெரிந்தவர் ஓர் ஆவணத்தைப் பகிர்ந்ததாகச் சொல்லும் கடிதங்கள் உலகெங்கும் பரவின. அழுத்தியவர்களிடம் கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை. 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலிச் செயலி, பெட்டியையும் தொடர்புப் பட்டியலையும் கையாள அனுமதி மட்டும் கேட்டது. அப்படிக் கொடுத்த அனுமதி, கடவுச்சொல்லை மாற்றினாலும் தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. பட்டியலைத் திறந்து தெரியாதவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

தொடர்புப் பட்டியல் காலியாகியிருந்தால் பயப்பட வேண்டாம். கூகுள் தொடர்புகளில் 30 நாள் வரைக்குமான பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருந்தாரோ அங்கெல்லாம் மாற்றச் சொல்லுங்கள், வங்கியிலிருந்து தொடங்கி.

9. ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள், அல்லது பணம் அனுப்பிவிட்டீர்கள்

லிங்க்கைத் திறந்தீர்கள், எதையும் நிரப்பவில்லை என்றால் பக்கத்தை மூடிவிடுங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். கடவுச்சொல் கொடுத்திருந்தால் இந்த நிமிடமே மாற்றி, மேலே சொன்ன எட்டாம் பகுதியை உங்களுக்கே செய்துகொள்ளுங்கள். ஏபிகே கோப்பை நிறுவியிருந்தால் கைபேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது நிதி மோசடிகளுக்கான சைபர் குற்ற உதவி எண். உடனே சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து கைமாறும் முன் அதை முடக்க வழியிருக்கிறது. நேரம் போகப் போக அது பல கணக்குகளாகப் பிரிந்துவிடும். யாரிடம் சொல்வது, வீட்டில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு இரவு யோசித்தவர்களுக்கு நான் அதிகம் உதவ முடிந்ததில்லை.

அழைக்கும்போது பரிமாற்ற எண், தொகை, நேரம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தயாராக இருக்கட்டும். அடுத்து உங்கள் வங்கி. அதன் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள். கூகுளில் தேடினால் போலி வாடிக்கையாளர் சேவை எண்ணில் மாட்டுவீர்கள். பிறகு சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் எழுத்துப்பூர்வமான புகார். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66டி பிரிவில் வருகிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனவே "இது சின்ன விஷயம்" என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

கிஃப்ட் கார்டு என்றால் அதை வெளியிட்ட நிறுவனத்தையும் உடனே அழையுங்கள். எண்ணைப் பயன்படுத்துவதற்குள் முடக்கிவிட்டால் தொகை தப்பலாம். வாங்கிய ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

புகார் பதிவானதும் ஒப்புகை எண் ஒன்று வரும். அதைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிவையுங்கள். வங்கிக்கு மறுபடி போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.